தொப்பூரில் ஒரு நிமிஷம்

ஜன. 19, திங்கள்

அடர்ந்த பனி. பொம்மிடி பஸ் ஸ்டாண்டில் போர்டே தெரியவில்லை. கண்டக்டர் கத்திய குரலை நம்பி ஏறினேன். தருமபுரி பஸ்தான். ஜன்னல் ஓரம் இடம் வேறு. இன்று எல்லாம் நன்றாக நடக்கும் என்று நினைத்தேன். நடந்தது.

கடைசி செமஸ்டர் ஆவணப்படத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். படத்துக்கு இரண்டு பேர். எட்டு நிமிஷம். ஒரு நொடி கூடினாலும் மதிப்பெண் குறையும். எனக்கு ஜோடி மாதேஷ். ஏரியூர்க்காரன், விவசாய வீடு, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அவனுக்குக் கேமரா. எனக்கு ஒலி.

வகுப்பே என்னைப் பாவமாகப் பார்த்தது. விஸ்காம் சேருகிற யாரும் மைக் பிடிப்பதற்காகச் சேர்வதில்லை. "உனக்கு ராசியே இல்ல பர்வீன்" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. நானும் முகத்தைத் தொங்கப் போட்டேன். உள்ளே ஒரே குதியாட்டம். எனக்கு ஒலிதான் வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை, இதில் மட்டும் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சேலத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம், எங்கள் கல்லூரியிலிருந்து வருஷத்துக்கு ஒரே ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்கும். யார் படத்தில் ஒலி நன்றாக இருக்கிறதோ அவருக்கு, படத்துக்கு மதிப்பெண் போடுகிற மணிமேகலை மேடம் சிபாரிசுக் கடிதம் தருவார். சென்னை, பெங்களூர் என்றால் வீட்டில் பேச்சே எடுக்க முடியாது. சேலம் என்றால் பொம்மிடியில் காலையில் ரயில் ஏறி மாலையில் வந்து இறங்கலாம். அத்தா முன்னாடியே சொல்லிவிட்டார்: "சேலம்னா போ. பொழுது சாய வூடு வந்துடணும்." அது கிடைக்காவிட்டால் பஜாரில் கல்யாண ஆல்பம் போடுகிற கடைதான். மணப்பெண் கன்னத்துப் பருவை அழிக்கிற வேலை. இரண்டு சீனியர் அக்காக்கள் இன்னும் அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கருவி அறையில் கையெழுத்துப் போட்டு வாங்கியது:
– ரெக்கார்டர் 1 (பேட்டரி மூடி இல்லை, ரப்பர் பேண்ட்)
– மைக் 1
– மைக்குக்குக் காற்று தடுக்கும் ரோம உறை 1
– ஹெட்போன் 1 (காது மெத்தை உரிகிறது, கறுப்புப் பொடி காதெல்லாம்)

மேடம் விரலை நீட்டிச் சொன்னது: "ரூம் டோன் மறக்காதே. பத்து மார்க்." படமெடுக்கிற இடத்தில் எல்லோரும் வாயை மூடியபின் அந்த இடம் தானாகப் போடுகிற சத்தம்தான் ரூம் டோன். ஒரு நிமிஷம் பதிவு செய்ய வேண்டும். பேச்சை வெட்டி ஒட்டும்போது விழுகிற ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைப்பது.

ஜன. 20, செவ்வாய்

வீட்டில் ஒத்திகை.

சமையலறையில் அம்மா ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். மூச்சுகூட விடவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது. பதிவு சுத்தம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஒரே சுருதியில் பாடுகிறது. ஹெட்போன் போட்டால்தான் தெரிகிறது.

அடுத்து அத்தா. பஜாரில் பாத்திரக் கடை. இத்தனை வருஷமாக எவர்சில்வர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல்.
முதல் தடவை: 9 நொடி. "ரெக்கார்டு ஆவுதா?"
இரண்டாம் தடவை: 14 நொடி. "நான் ஒண்ணும் பேசலியே?"
மூன்றாம் தடவை: 6 நொடி. தும்மல். அதற்கு அவரே "அல்ஹம்துலில்லாஹ்". அதற்கு உள்ளேயிருந்து அம்மாவின் பதில். மூன்றையும் அழித்தேன்.

"ஏம்மா, சத்தம் இல்லாததுக்கு எதுக்கு மிஷினு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மீன் குழம்பு. முள் குத்தவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தேன்.

ஜன. 21, புதன்

தொப்பூர் போய் இடம் பார்த்தோம். அடிக்கடி லாரி கவிழ்ந்து ஆள் போகிற கணவாய் இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால், ரோட்டோரம் தகரக் கூரை ஓட்டல். சேலம் பக்கம் இறங்குகிற லாரிகள் இங்கே நிற்கும். பிரேக்கைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு இறங்கும். படத்தின் பெயர் "இறக்கத்துக்கு முன்னால்". மாதேஷ் வைத்தது. நன்றாகத்தான் இருக்கிறது, அவனிடம் சொல்லவில்லை.

யாரோடு போகிறாய் என்று அத்தாவின் விசாரணை. "மாதேஷா? சரி. அவனுக்கு உன்னைப் பாத்தாலே பயம்."

ஓட்டல் செல்வி அக்காவுடையது. பேட்டி என்று வாயைத் திறந்ததுமே, "மொதல்ல கைய கழுவுங்க. சாப்புடாத ஆளுங்ககிட்ட நான் பேசறதில்ல" என்றுவிட்டார். எனக்கு முட்டை தோசை. மாதேஷுக்கு பரோட்டா, அப்புறம் பரோட்டா. மைக்கின் ரோம உறையைப் பார்த்து, "அது என்னா கண்ணு, கீரிப்புள்ளயா? கடிக்குமா?" இனி அதன் பெயர் கீரி.

தினமும் அங்கே நிற்கிற டிரைவர் ஒருவர், பெருமாள் அண்ணன். ஓசூரிலிருந்து சேலத்துக்கு லோடு. பாதி கன்னடம், பாதி தமிழ். எங்களைப் பார்த்ததும் "ஊட்டா ஆயித்தா?" என்றார். சாப்பிட்டாச்சா என்பதுதான். பேட்டிக்கு உடனே சம்மதம். "இப்ப வேணாம் பாப்பா. நாளைக்கு சவரம் பண்ணிக்கினு வரேன்."

கவலை ஒன்றுதான். லாரி, ஹாரன், பரோட்டா கொத்து, கைகழுவுகிற இடத்தில் காறல். இந்தச் சந்தைக்கடையில் ரூம் டோனுக்கு எங்கே போவது? "பத்து மார்க் அம்பேல்" என்றான் மாதேஷ், மூன்றாவது பரோட்டாவோடு.

ஜன. 22, வியாழன்

நல்ல வெயில். காற்று இல்லை, கீரிக்கு வேலை குறைவு.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

செல்வி அக்கா பேட்டி அருமை. பெருமாள் அண்ணன் சொன்னபடி சவரம் செய்து, தேய்த்த சட்டையில் வந்தார். அவரும் நன்றாகப் பேசினார். "எறக்கத்துல நாம வண்டிய ஓட்றதில்ல பாப்பா. வண்டிதான் நம்மள ஓட்டும்."

இரண்டரை மணி இருக்கும். சாப்பாட்டுக் கூட்டம், இருபது பேர். வேறு வழியில்லை, ரூம் டோன் எடுத்தே ஆக வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடுவில் நின்று கும்பிட்டேன். "எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா இருங்க. தயவுசெஞ்சு யாரும் பேசாதீங்க. செல்போனை அணைச்சிடுங்க."

மாதேஷ் அந்த நேரம் பார்த்தா வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்ற வேண்டும்? கழற்றி, ஓடிக்கொண்டிருந்த கேமராவின் திரையைப் பார்க்கத் தலையைக் குனிந்தான்.

பெருமாள் அண்ணன் எழுந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். பக்கத்து மேஜை எழுந்தது. அதற்கடுத்த மேஜையும். சால்னா வழிகிற கைகளோடு எல்லோரும் நின்றார்கள். பரோட்டா மாஸ்டர் கல்லிலிருந்து கையை எடுத்தார். வெளியே உறுமிக்கொண்டிருந்த லாரியின் டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார், இன்ஜினை அணைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் அணைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள். தொப்பூரில் நாலு பேர் சேர்ந்து நின்று வாயை மூடுவதற்கு வேறு காரணம் இருந்ததே இல்லை.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஹெட்போனில் அப்படி ஒரு அமைதி. கைநழுவ விட மனசு வரவில்லை. பேராசை, வேறென்ன.

அறுபது நொடி முடிந்து நான் கையைக் காட்டியதும் பெருமாள் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாருக்கு பாப்பா?"

ரெக்கார்டருக்கு என்று எந்த வாயால் சொல்வது? இருபது பேருக்குச் சாப்பாடு ஆறிக் கிடக்கிறது. வாய் தானாகத் திறந்தது.

"எங்க மேடத்துக்குங்க."

"அய்யோ. பேரு?"

"மணிமேகலை." உலகத்தில் வேறு பெயரே ஞாபகம் வரவில்லை.

"என்னா ஆச்சு கண்ணு?" என்றார் செல்வி அக்கா.

"ஹார்ட் அட்டாக்குங்க."

"கொழந்தைங்க?"

"ரெண்டுங்க" என்றான் மாதேஷ். நான் நட்டதற்கு அவன் தண்ணீர் ஊற்றினான்.

செல்வி அக்கா உள்ளே போய் ஒரு பொட்டலம் கட்டி வந்தார். பன்னிரண்டு பரோட்டா, சால்னா தனி. "செத்த வூட்ல அடுப்பு பத்த வெக்க மாட்டாங்க. அந்த கொழந்தைங்களுக்கு குடுத்துடு."

பஸ்ஸில் பொட்டலம் மடியில் சுட்டது. மாதேஷ் வழியெல்லாம் சிரித்தான். "மார்க் போடற மேடத்தையே கொன்னுட்டியே!" கடைசியில் பரோட்டாவை அவனே ஹாஸ்டலுக்குக் கொண்டு போனான். எனக்கு அதில் ஒரு வாய் இறங்கியிருக்காது.

ஜன. 23, வெள்ளி

கல்லூரி எடிட்டிங் அறையில் அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டேன். பதினோரு தடவை. இருப்பவை:
– பரோட்டாக் கல்லில் எண்ணெய் தனியாகப் பொரிகிறது
– தகரக் கூரை வெயிலுக்கு டிக், டிக் என்கிறது
– அணைத்த இன்ஜின் ஆறுகிறது
– தண்ணீர் டிரம்மில் ஒரு சொட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு சொட்டு
– வெகு கீழே, வளைவில், யாருடைய லாரியோ பிரேக் பிடிக்கிறது
– 41ஆம் நொடியில் ஓர் ஆண் குரல், மூச்சுக் காற்றில்: "முனிராசு."

முனிராசு யார்? யோசித்துப் பார்த்தேன். நான் மேடம் பெயரைச் சொன்னது நிமிஷம் முடிந்த பிறகு. நிற்கும்போது யாருக்காக நிற்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு அவரவர் ஆளை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அழுகை வந்தது. வெட்கம் அதைவிட அதிகம். அதைத் திருடி வந்த மாதிரி இருக்கிறது.

மேடம் கதவில் எட்டிப் பார்த்தார். "என்ன பர்வீன், ஒலி அவ்வளவு மோசமா?"

"இல்ல மேடம். ஹெட்போன் பொடி கண்ல விழுந்துடுச்சு."

இரண்டாவது பொய்.

ஜன. 26, திங்கள்

குடியரசு தினம். கொடியேற்றம், ஆளுக்கு ஒரு லட்டு. மணிமேகலை மேடம் பச்சைப் பட்டில் கம்பீரமாக இருபது நிமிஷம் பேசினார். இறந்தவர் மாதிரியே இல்லை. மாதேஷ் பக்கத்தில் நின்று கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டான்.

மாதேஷ் நேற்று விடியற்காலையில் தனியாகத் தொப்பூர் போய், பனிக்குள் லாரிகள் வரிசையாக இறங்குவதை எடுத்து வந்திருக்கிறான். ஒரு நிமிஷக் காட்சி. நன்றாக இருக்கிறது என்று இந்தத் தடவை சொல்லிவிட்டேன். வெட்கப்பட்டான்.

செல்வி அக்கா ஏதாவது கேட்டாரா என்றேன். "நீங்க எந்த காலேஜ்னு கேட்டாங்க. சொன்னேன்" என்றான். எதற்குக் கேட்டார் என்று இவன் கேட்கவில்லை.

ஜன. 28, புதன்

ஐயோ.

துக்கம் விசாரிக்க நாள் கிழமை உண்டாம். ஞாயிறு கடையில் கூட்டம், திங்கள் காலேஜ் லீவு, செவ்வாய் ஆகாது. புதன்கிழமை வந்தார்கள்.

நான் எடிட்டிங் அறையில் ஹெட்போனோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துறை அலுவலகம். நிமிர்ந்தால் செல்வி அக்கா நிற்கிறார். பக்கத்தில் பெருமாள் அண்ணன், கையில் பெரிய சம்பங்கி மாலை. எதிரே மணிமேகலை மேடம். சத்தமே இல்லாத படம். செல்வி அக்கா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு ஏதோ கேட்கிறார். மேடம் தன் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொல்கிறார். செல்வி அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெருமாள் அண்ணன் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போனேன்.

"எப்படிச் செத்தேன்?" என்று கேட்டார் மேடம்.

"ஹார்ட் அட்டாக் மேடம்."

"பிள்ளைங்க?"

"ரெண்டு மேடம்."

"எனக்கு ஒண்ணுதானே. இன்னொண்ணு யாரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ரூம் டோன், கும்பிட்டது, மாதேஷ் தலை குனிந்தது, நிறுத்த மனசு வராதது, பொட்டலம். செல்வி அக்காவைப் பார்த்து, "உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேங்க்கா" என்றேன். அவர் எழுந்து மேடத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாயிருக்காங்களே, அதுவே போதும்." அப்புறம் என்னைப் பார்த்து, "பரோட்டா யாரு தின்னது?" சொன்னேன். "அந்த தொப்பிக்காரனா. வரட்டும்."

பெருமாள் அண்ணன் மாலையை இன்னும் முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பயம். கடைசியில் அவரிடம், "அண்ணே, முனிராசுன்னு சொன்னது நீங்களா? மெஷின்ல இருக்குது. வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்" என்றேன்.

கேட்க வேண்டும் என்றார். எடிட்டிங் அறைக்குக் கூட்டிப் போய் ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். 41ஆம் நொடியில் கண்ணை மூடினார். முடிந்ததும் கழற்றாமல், காதில் இருக்கிறபடியே கொஞ்சம் சத்தமாகவே பேசினார்.

"எங்கூட ஓட்னவன். எறக்கத்துல, அந்த வளைவுலதான் செத்தான். தக்காளி லோடு பாப்பா, நின்னா அழுகிடும். வேற வண்டியில மாத்தி எடுத்துக்கினு போயிட்டேன். நின்னு ஒரு நிமிஷம் அவன நெனைக்கல. தெனமும் அதே வளைவுல எறங்கறேன், நிக்க எடமில்ல. அன்னிக்கு நீ நில்லுன்ன. நின்னேன்."

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "அழிக்காத. வெச்சுக்க" என்றார்.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் போனபின் என்னிடம், "கடிதத்தைப் பத்தி நான் யோசிக்கணும் பர்வீன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் பயம்.

மாலை? நாளை மறுநாள் காந்தி படத்துக்குப் போடலாம், அதுவரை கேண்டீன் ஃபிரிட்ஜில் இருக்கட்டும் என்று மேடம் உத்தரவு.

ஜன. 30, வெள்ளி

பதினொரு மணிக்குக் கல்லூரி முழுக்க இரண்டு நிமிஷ மௌனம். காந்தி படத்தில் தொப்பூர் சம்பங்கி, ஓரம் கொஞ்சம் வாடியிருந்தது. மௌனத்தில் நான் கேட்டவை: மூன்று செல்போன், ஒரு கொட்டாவி, பின் வரிசையில் அடக்கிய சிரிப்பு. தொப்பூரில் இருபது பேர் நின்ற மாதிரி இல்லை.

நின்றபடியே முடிவு செய்தேன். அந்த ஒரு நிமிஷத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஓட்டை அடைக்க மாட்டேன். முழுசாக, எல்லோரும் நிற்கிற காட்சியோடு, அப்படியே வைப்பேன்.

மாதேஷ் தலையில் கை வைத்தான். "ஒலிக்கு மார்க் வாங்கப் போறவ, ஒரு நிமிஷம் ஒலியே இல்லாம படம் போடுவியா? சேலத்துல இருந்து ஆளு வராங்க பர்வீனு!"

அவன் சொல்வது சரிதான். கிடைக்காமல் போகலாம். பரு அழிக்கலாம். ஆனாலும் வெட்ட கை வரவில்லை.

அதோடு எட்டு நிமிஷக் கணக்கு. இதை முழுசாக வைத்தால் வேறு ஒரு நிமிஷம் போக வேண்டும். நான் வாய் திறப்பதற்குள் மாதேஷே மவுஸைப் பிடுங்கி, பனிக்குள் லாரிகள் இறங்கும் காட்சியைத் தேர்ந்தெடுத்து அழித்தான். அவன் எடுத்ததிலேயே நல்ல காட்சி அதுதான்.

"என்னடா?"

"பன்னெண்டு பரோட்டாவுக்கு இது" என்றான்.

பேச்சில் விழுந்த ஓட்டைகளை லாரி சத்தம் வைத்து அடைத்தோம். சில இடத்தில் தெரிகிறது.

பிப். 4, புதன்

திரையிடல்.

சேலத்திலிருந்து ஒலிப்பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். பெயர் சொன்னார்கள், பதற்றத்தில் காதில் விழவில்லை. இவள் ஒலி மாணவி! செல்வி அக்கா மூன்றாவது வரிசை. பெருமாள் அண்ணன் அதே தேய்த்த சட்டை. லாரியைக் கல்லூரி வாசலில் நிறுத்தி, வாட்ச்மேனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

எங்கள் படம் நான்காவது. "வண்டிதான் நம்மள ஓட்டும்" என்ற இடத்தில் சிரிப்பு. கீரியைப் பார்த்து அக்கா கேட்ட கேள்விக்குக் கைதட்டல். அப்புறம் அந்த நிமிஷம்.

முதல் பத்து நொடி, ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ஆபரேட்டர் எழுந்து வயரை ஆட்டினார். பிறகு எண்ணெய் பொரிகிற சத்தம் மெதுவாக மேலே வந்தது. தகரக் கூரை. ஒரு சொட்டுத் தண்ணீர். அரங்கம் அடங்கியது.

திரையில் தலை குனிந்து நிற்கிற பெருமாள் அண்ணனைப் பார்த்ததும் மூன்றாவது வரிசையில் செல்வி அக்கா எழுந்து நின்றார். பக்கத்தில் பெருமாள் அண்ணன். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை. அப்புறம் பின்னால் இருந்த பையன்கள், விசில் அடித்தவனும் சேர்த்து. முன் வரிசையில் மணிமேகலை மேடம் திரும்பிப் பார்த்தார். தனக்காக நின்றதாக நான் சொன்ன கூட்டத்தைத் திரையில் பார்த்தார். அவரும் எழுந்தார்.

"முனிராசு" அரங்கம் முழுக்கக் கேட்டது. அவ்வளவு சின்னக் குரல், கடைசி வரிசை வரைக்கும்.

சேலத்துக்காரர் மட்டும் எழவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முடிந்தபின் என்னைக் கூப்பிட்டார். "அந்தக் குரல் கேட்குதே, அதை ஏன் எடுத்துடல?"

"அதுக்காகத்தான் சார் மத்ததெல்லாம்" என்றேன். திமிராகப் பேசிவிட்டேனோ? அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன என்று தெரியவில்லை.

பெருமாள் அண்ணன் போகும்போது என் தலையில் கை வைத்தார். "லோடு இருக்குது பாப்பா. வரேன்."

பிப். 6, வெள்ளி

மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் படம்: ஒலி 40க்கு 37. ரூம் டோன் 10க்கு 0!

நேரே மேடத்திடம் போனேன்.

"ரூம் டோன்னா ஓட்டை அடைக்கறது. நீ எங்க அடைச்ச? லாரிய வெச்சு அடைச்ச. பூஜ்யம்தான்" என்றார். சண்டை போட வாயைத் திறந்தேன். அவர் ஒரு கவரை நீட்டினார். சேலத்துக்குக் கடிதம். ஒட்டவில்லை, படிக்கச் சொன்னார். கடைசி வரி: "இந்த மாணவிக்குக் கேட்கத் தெரியும்."

நாற்பது தடவை படித்துவிட்டேன். திங்கட்கிழமையே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கதவு வரை போனதும் கூப்பிட்டார். "பர்வீன். இன்னொரு தடவை என்னைக் கொன்னா, பிள்ளைங்க கணக்கையாவது சரியாச் சொல்லு."

அழித்த காட்சிக்காக மாதேஷுக்கு ஒரு கிலோ மிக்சர் பாக்கி. வீட்டில் அம்மா பாயசம். அத்தா கடையில் வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் குரலுக்கு, பொம்மிடி முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கும்.

பிப். 9, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன், கை ஆடுகிறது. சேலத்தில் பயிற்சி, முதல் நாள்.

விடிந்தும் விடியாத நேரம், பனி. அத்தா ஸ்டேஷனுக்கு வந்தார், வேண்டாம் என்று சொல்லியும். கல்லூரி ரெக்கார்டரை இன்று சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். மாதேஷிடம் கொடுத்தனுப்ப நினைத்தேன், பையிலேயே இருக்கிறது. மறந்துவிட்டேன். நாளைக்கு.

ரயில் வர ஐந்து நிமிஷம் இருந்தது. ஹெட்போனை மாட்டி, கீரியைப் போட்டு, சும்மா விரலை உயர்த்தினேன். அத்தா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்டவாளம். கல் பெஞ்சில் யாருடையதோ இருமல். தூரத்தில் டீக்கடை. அத்தாவின் மூச்சு, மேலே போய்க் கீழே வருகிறது. பத்து நொடி. இருபது. முப்பது. அவர் முகத்தைப் பார்த்தேன், பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது, விடவில்லை. நாற்பது. ஐம்பது.

52ஆம் நொடியில், "டிபன் பாக்ஸ் எடுத்தியாம்மா?"

எடுக்கவில்லை. இந்தப் பதிவை அழிக்கவும் இல்லை. லோக்கூர் ஸ்டேஷன் தாண்டிவிட்டது.